தஞ்சாவூரிலிருந்து சிதம்பரம்: அரசு பஸ்ஸில் ஒரே நாளில் நான்கு கோயில்

தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை வழியாக நேராகப் போனால் மூன்றரை மணி நேரத்தில் சிதம்பரம் வந்துவிடும். அதே பயணத்தைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, கொஞ்சம் வடக்கே வளைத்து, தாராசுரத்திலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் இறங்கி ஏறினால் சோழர் கட்டிய மூன்று பெருங்கோயில்களையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். யுனெஸ்கோ 1987-இல் தஞ்சைப் பெரிய கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மற்ற இரண்டும் 2004-இல் சேர்ந்தன. இதற்குக் கார் தேவையில்லை. கோயில் நடை சாத்தும் நேரத்தை மட்டும் சரியாகக் கணக்குப் போட வேண்டும்.

மூன்று கோயில்களிலும் பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணியாகும். அந்த நான்கு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஒதுக்கிவிட்டால் எதையும் இழக்க மாட்டோம். பலர் தஞ்சாவூரில் நிதானமாக டிபன் முடித்து ஒன்பது மணிக்குக் கோயிலுக்குள் போகிறார்கள். தாராசுரம் வந்து சேரும்போது மணி ஒன்று, கதவு பூட்டியிருக்கும். அங்கே பிசகினால் அன்றைய நாள் முழுக்கப் பிசகும்.

முந்தின இரவே தஞ்சாவூரில், பழைய பேருந்து நிலையம் பக்கம் அறை எடுத்துத் தங்குவது நல்லது. பெரிய கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் காலையில் நேரம் வீணாகும். ஆறு மணிக்கு உள்ளே போனால் கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் தாண்டியதும் கிழக்கு வெயில் விமானத்தின் முகத்தில் நேராக விழும். 1010-இல் கட்டி முடித்த, ஏறத்தாழ 216 அடி உயரமுள்ள விமானம் அது. உச்சியைப் பார்த்துக் கழுத்து வலித்த பிறகு, அடித்தளத்தையும் குனிந்து பாருங்கள். கல்வெட்டு சுற்றிச் சுற்றி ஓடுகிறது. "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று ராஜராஜன் தன் அக்காள் குந்தவை கொடுத்ததையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொன்ன இடம் இது. சாய்வெயிலில் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுவதால் வாசிக்க எளிது. எட்டரைக்கு வெளியே வந்துவிடுங்கள்.

கும்பகோணம் பஸ்ஸில் ஏறுமுன் கண்டக்டரிடம் "தாராசுரம் நிக்குமா?" என்று கேட்டே ஆக வேண்டும். 'ஒன் டு ஒன்', 'பைபாஸ்' என்று போர்டு மாட்டிய வண்டிகள் வழியில் நிற்காது. சாதாரண மொஃபசில் வண்டிதான் வேண்டும். அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். சுந்தரப்பெருமாள் கோயில் தாண்டியதும் பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றுகொள்ளுங்கள். தவறவிட்டாலும் கவலையில்லை. கும்பகோணத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் கால் மணி நேரத்தில் திரும்பிவிடலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முழுசாகக் கொடுங்கள். மூன்றில் அளவில் சிறியது இதுதான், பார்க்க அதிகம் இருப்பதும் இதில்தான். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. முன்மண்டபத்தைக் குதிரை பூட்டிய தேராகவே செதுக்கியிருக்கிறார்கள், பக்கத்தில் கல் சக்கரம். காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் உள்ளங்கை கொண்டு பார்க்க வேண்டியது: காளையின் உடலைக் கையால் மறைத்தால் யானை நிற்கும், யானையின் உடலை மறைத்தால் அதே தலை காளையாகிவிடும். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னப் பலகைகளாக ஓடுகின்றன. குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டதைத் தேடிப் பிடியுங்கள். மேலே கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இந்த வரிசையைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள், அது பெரிய இழப்பு. தட்டினால் இசைக்கும் பலிபீடப் படிகளைச் சுற்றி இரும்புக் கம்பி போட்டிருப்பதால் பார்க்க மட்டுமே முடியும். கோயில் தரை சுற்றுப்புறத்தைவிடத் தாழ்வு. ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்தில் தண்ணீர் தேங்கும். வெயில் காலமென்றால் பதினொரு மணிக்கே கல் கொதிக்கும், பையில் ஒரு ஜோடி காலுறை இருக்கட்டும்.

கும்பகோணத்தில் இலைச் சாப்பாடு, ஒரு டபரா காபி. முகூர்த்த நாளில் இங்கே கிளம்பும் வண்டி எல்லாமே நிரம்பி வழியும், காலண்டரைப் பார்த்துக்கொண்டு தேதி குறியுங்கள்.

ஒன்றரை மணிக்கு, அணைக்கரை வழியாக ஜெயங்கொண்டம் போகும் பஸ். கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். "கோயில் ஸ்டாப்" என்று சொல்லி டிக்கெட் வாங்குங்கள். திருப்பனந்தாள் தாண்டி அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது ஜன்னல் பக்கம் கவனியுங்கள். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-இல் எழுந்த கீழணை அது. அதைக் கட்டக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலை இடித்துக் கல் எடுத்துப் போனார்கள். ராஜேந்திரன் தலைநகரில் கோயில் மட்டும் தனியாக, வெட்டவெளியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அணையைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போகும்போது அந்த வெறுமை நெஞ்சில் உறைக்கும்.

மூன்று மணிக்கு இறங்கினால் நடை திறக்க ஒரு மணி நேரம் இருக்கும். மரத்தடியில் உட்கார்ந்து விமானத்தின் கோடு எப்படி ஏறுகிறது என்று மட்டும் பாருங்கள். தஞ்சாவூரில் நேராக ஏறிய கோடு இங்கே உள்வாங்கி வளைகிறது. உயரம் 180 அடி வாக்கில், ராஜேந்திரனின் அப்பன் ராஜராஜன் கட்டியதைவிடக் குறைவு. நான்கு மணிக்கு உள்ளே போய் வந்ததும், வடக்குப் படிக்கட்டை ஒட்டிய சண்டேச அனுக்கிரகமூர்த்தி முன் நில்லுங்கள். உமை அருகிலிருக்க, சிவன் தன் கையால் சண்டேசர் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். குனிந்த அந்தத் தலையும் கூப்பிய கையும் போதும், இவ்வளவு தூரம் வந்ததற்கு. சிங்கமுகக் கிணறும் வடக்குப் பக்கம்தான். ஐப்பசிப் பௌர்ணமியில் இங்கே அன்னாபிஷேகம். அன்று கூட்டத்தில் சிற்பம் பார்க்க இயலாது.

அடுத்த பஸ்ஸில்தான் பலர் தடுமாறுவார்கள். திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் போகும் வண்டி வேண்டும். நாலுவழிச் சாலையிலேயே போகிற வண்டி ஊருக்குள் வராமல் போகலாம். அரை மணி நேரம் பார்த்தும் வரவில்லையென்றால் ஆட்டோவில் மீன்சுருட்டி போய்விடுங்கள். அங்கே கும்பகோணம் சாலையும் திருச்சி சாலையும் சந்திப்பதால் வண்டி கிடைக்கும். ஐந்தேகாலுக்கு ஏறினால் காட்டுமன்னார்கோயில் வழியாக ஏழு மணிக்குள் சிதம்பரம். வெளிச்சம் இருந்தால் வீராணம் ஏரிக்கரை கண்ணில் படும்.

சிதம்பரத்தில் பேருந்து நிலையத்திலிருந்து கீழவீதிக்கு நடந்தே போகலாம். நடராசர் சன்னதி இரவு பத்து வரை திறந்திருக்கும், அன்றே தரிசனம் முடிக்கலாம். உள்ளே ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கோபுர வாசல்களின் உட்சுவரில் உள்ள 108 கரணங்களை, அதாவது நடன நிலைச் சிற்பங்களை, மட்டும் இரவில் பார்க்காதீர்கள், இருட்டில் கை கால் வளைவே தெரியாது. காலை ஏழு மணிக்குக் கீழைக் கோபுரத்துக்குப் போய், கீழேயிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பாருங்கள்.