நேபோ மலையில் ஒரு பொருத்தனை

அம்மா செய்த பொருத்தனையைத் தீர்க்க எங்களுக்கு நாற்பது வருஷம் ஆனது. "வனாந்தரத்துல நடந்த இஸ்ரவேலருக்கும் அவ்வளவுதானே ஆச்சு, போயிட்டு வாங்க" என்று எங்கள் சபை ஐயர் ஜெபம் பண்ணி அனுப்பினார்.

1984-இல் எனக்கு ஒன்பது வயது. உடன்குடிப் பக்கம் ஓலை வீடு, தரையில் பாய். ராத்திரி கட்டுவிரியன் கடித்தது யாருக்கும் தெரியாது. அந்தப் பாம்பின் கடி எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுதேனாம். சூடான ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் வரும்போது என் இமை இரண்டும் தொங்கிவிட்டன, நாக்கு குழறிவிட்டது. பாயை உதறினபோதுதான் பாம்பு விழுந்தது. கருப்பட்டி ஏற்றிப்போன வேனில் என்னைப் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழி முழுக்க அம்மாவின் வாயில் எண்ணாகமம் இருபத்தொன்றுதான். பாம்பு கடித்த இஸ்ரவேலர், மோசே கம்பத்தில் உயர்த்தின வெண்கலச் சர்ப்பத்தை நோக்கிப் பார்த்துப் பிழைத்த வேதப்பகுதி அது. "ஆண்டவரே, இவ பிழைச்சா, மோசே பாம்பைத் தூக்கி வச்ச தேசத்துக்கு இவளைக் கூட்டிட்டு வாரேன்." வேனில் இருந்த அப்பா, திருச்செந்தூர் தாண்டிப் போகவே காசில்லாதவர், அதற்கும் ஆமென் சொன்னாராம்.

பிழைத்தேன். அப்புறம் கடன், அக்காமார் கல்யாணம், அப்பாவின் மரணம், என் பிள்ளைகளின் படிப்பு என்று வருஷங்கள் ஓடின. ஒவ்வொரு புது வருஷ ஆராதனையிலும் அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள். கடைசியில் பணம் சேர்ந்தபோது அவளுக்குக் கிளாக்கோமா முற்றி, வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

2024 பிப்ரவரியில் கிளம்பினோம். சண்டை நடந்துகொண்டிருந்ததால் எருசலேமை விட்டுவிட்டு யோர்தானும் எகிப்தும் மட்டும் என்றார் ஏஜெண்ட். பணத்தை மட்டும் குறைக்கவில்லை. சக்கர நாற்காலி உண்டு என்று சத்தியம் பண்ணினவர், யோர்தான் தலைநகர் அம்மானில் இறங்கினதும் போனையே எடுக்கவில்லை. போதாததற்கு, 'டிரைவருக்கு, கைடுக்கு' என்று நாள்தோறும் தலைக்கு இத்தனை டாலர் என ஒரு கவர் சுற்றி வந்தது. காணிக்கைப் பையாவது வாரத்துக்கு ஒருமுறைதான் வரும்.

சாப்பாட்டுக் கதை வேறு. காலையிலும் ராத்திரியிலும் ரொட்டி, அரைத்த கொண்டைக்கடலை, ஆலிவ் காய். மூன்றாம் நாள் பஸ்ஸே முறுமுறுத்தது. "ஒரு வாய் ரசஞ்சோறு இல்லாம என்ன புனிதப் பயணம்?" என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். மாதாபா ஊர் தாண்டி நேபோ மலை ஏறும்போது, கூட வந்த உபதேசியார் மைக்கைப் பிடித்து அன்றைக்கான பகுதியை வாசித்தார். "இந்த அற்பமான உணவு எங்கள் மனதுக்கு வெறுப்பாயிருக்கிறது." வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த மன்னாவைப் பற்றி இஸ்ரவேலர் சொன்னது. அதற்கு அடுத்த வசனத்தில் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் வருகின்றன. பஸ்ஸில் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்காமல் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

நேபோவில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேலே நடக்க வேண்டும். அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. பத்து அடிக்கு ஒருதரம் நின்று, என் தோளைப் பிடித்து, ஸ்தோத்திரம் சொல்லி ஏறினாள். 2000-ஆம் ஆண்டு போப் இரண்டாம் ஜான் பால் வந்ததற்கு நாட்டின கல் வழியில் இருக்கிறது. கோயிலுக்குள் ஆறாம் நூற்றாண்டு மொசைக் தரை: சிங்க வேட்டை, ஆடு மேய்க்கிறவன், ஒட்டகம். பார்க்க அழகுதான். எனக்கு அதில் மனம் நிற்கவில்லை.

வெளியே மலை விளிம்பில்தான் அந்தச் சிலுவை. இத்தாலியச் சிற்பி ஜியோவன்னி பன்டோனி செய்தது. மரத்தைக் கொடி சுற்றின மாதிரி உலோகப் பாம்பு சிலுவையைச் சுற்றி ஏறுகிறது. எண்ணாகமத்தின்படி மோசே சர்ப்பத்தை உயர்த்தினது இந்த இடத்தில் இல்லை. ஏதோம் தேசத்தைச் சுற்றிப்போன வழியில், இதற்குத் தெற்கே. இங்கே அவர் வாக்குத்தத்த தேசமான கானானைக் கண்ணால் கண்டு, போகாமலே மரித்தார். இரண்டையும் ஒரே மலையில் சேர்த்து வைத்துவிட்டார்கள். தூரம் எழுதின பலகையில் எருசலேம் 46 கிலோமீட்டர் என்று இருந்தது. எதிரே வெறும் தூசிப் புகை. சாக்கடல் மட்டும் தகடு மாதிரி மங்கலாகத் தெரிந்தது.

கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். ஒரு குழு போட்டோ எடுத்து முடிக்குமுன் அடுத்த குழு முழங்கையால் தள்ளுகிறது. எசேக்கியா ராஜா அந்த வெண்கலச் சர்ப்பத்தை ஏன் உடைத்துப்போட்டார் என்பது அங்கே நின்றால் நன்றாகப் புரியும். எத்தனையோ தலைமுறை கழித்தும் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்களே! இன்றைக்குத் தூபத்துக்குப் பதில் செல்பி.

ஒருவழியாக அம்மாவைச் சிலுவைக்கு எதிரே நிறுத்தினேன். "அம்மா, வந்துட்டோம். முன்னால இருக்கு" என்றேன். அவள் தலை வேறு பக்கம் திரும்பியிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நோக்கிப் பார்த்தவன் பிழைத்தான் என்றுதானே எழுதியிருக்கிறது. காணிக்கை கேட்கவில்லை, நடக்கச் சொல்லவில்லை, பார்த்தால் போதும். அந்த ஒன்றையும் இவளால் செய்ய முடியாமல், இத்தனை தாமதமாகவா கூட்டிவந்தேன்?

வாய்விட்டே சொல்லிவிட்டேன்போல. அம்மா கேட்டாள்: "ஏட்டி, அன்னைக்கு வேன்ல உனக்குக் கண்ணு திறந்தா இருந்துச்சு?"

"இல்லம்மா."

"உன் இமையை இந்த விரலால தூக்கிப் பிடிச்சு, அவரைப் பாருட்டி, அவரைப் பாருன்னு கத்துனேன். நீ என்னத்தைப் பார்த்த? கருவிழி மேல செருகிக் கிடந்துச்சு. பார்த்ததா அவர் எடுத்துக்கிடலையா? கடிபட்டுக் கிடந்த இஸ்ரவேல்காரனுக்கு மட்டும் பார்வை தெளிவாவா இருந்திருக்கும்?"

யோவான் மூன்றில் ஆண்டவர் நிக்கொதேமுவுக்குச் சொன்னதை, சர்ப்பம் உயர்த்தப்பட்டதுபோல மனுஷகுமாரனும் உயர்த்தப்பட வேண்டும் என்பதை, சண்டே ஸ்கூலில் எத்தனை தரம் ஒப்பித்திருக்கிறேன்! கடித்ததன் உருவமே ஏன் கம்பத்தில் ஏற வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் நான் மழுப்புவேன். அம்மாவுக்கு அதிலும் குழப்பமில்லை. "உனக்கு ஆஸ்பத்திரியில போட்ட ஊசி என்ன? பாம்பு விஷத்தைக் குதிரைக்கு ஏத்தித்தான் அந்த மருந்தை எடுக்காங்கன்னு கம்பவுண்டர் அன்னைக்கே சொன்னாரு. குதிரை தாங்கிக்கிட்டதுல நீ பிழைச்ச. நம்ம பாவத்தை அவர் தாங்குனாரு." பாம்புகளை எடுத்துப்போடச் சொல்லி ஜனங்கள் கெஞ்சினதற்கு, கர்த்தர் பாம்பு நடுவிலேயே பிழைக்க வழி கொடுத்தாரே, அதையும் சொல்லி, "அப்புறமும் நம்ம விளையில பாம்பு இருக்கத்தான் செய்யுது" என்றாள்.

நான் அவள் தாடையைப் பிடித்து முகத்தைச் சிலுவைப் பக்கம் திருப்பினேன். பின்னால் வெயில் இருந்ததால் கறுப்பாக ஏதோ நீளமாகத் தெரிகிறது என்றாள். அப்படியே நின்றாள். பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள், யாரோ ஆங்கிலத்தில் நகரச் சொன்னார்கள். நகரவில்லை. எவ்வளவு நேரம் நின்றோமோ, எனக்குத் தெரியாது. அப்பா இல்லையே என்று ஒருதரம் விசும்பினாள். பிறகு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்தான், நானும் சேர்ந்துகொண்டேன். என் பிள்ளைகளுக்காக, அந்த வேன்காரருக்காக, ஊசி போட்ட கைக்காக, பெயரே தெரியாத அந்தக் குதிரைக்காகக்கூட. சக்கர நாற்காலி ஏமாற்றினவரும் நினைவுக்கு வந்தார். அவரையும் சேர்த்துக்கொண்டேன், மனசில்லாமல்தான்.

கோயிலுக்குத் திரும்பிப் போய், முந்தானை முடிச்சை அவிழ்த்து நூற்றொரு ரூபாயைக் காணிக்கைப் பெட்டியில் போட்டாள். நூறு ரூபாய் நோட்டு புதுசு. ஒரு ரூபாய் நாணயம் மட்டும் அப்பா அன்றைக்கே எடுத்து வைத்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "பசிக்குட்டி, காலைல மிச்சம் வச்ச அந்த ரொட்டி இருக்கா?"