லூயிஸை நான் படித்திருக்கவில்லை

வறண்ட பருவத்து நெற்செய்கையான சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாதபோது கிளிநொச்சிப் பக்கத்துச் சிறு குளங்களில் அதை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. முதல் வரைவில் உசாத்துணைப் பட்டியல் மூன்று பக்கம் வந்தது. பட்டியல் நீண்டால் ஆய்வும் கனக்கும் என்று நம்பியிருந்தேன்.

மேற்பார்வை செய்த மிஸ் நேரே லூயிஸில் விரலை வைத்தார். வன்னியின் பழைய குளங்களைத் தேடுகிறவர்கள் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலிடம் எப்படியும் வந்து சேர்வார்கள். “இதைப் பாத்தனீங்களோ?” என்று கேட்டார். பார்க்கவில்லை. ஒரு தமிழ்ப் புத்தகத்தின் அடிக்குறிப்பில் இருந்ததைப் பக்க எண்ணோடு எடுத்துப் போட்டிருந்தேன்.

அன்றிரவே மூலத்தின் மின்பிரதியைத் தேடி எடுத்தேன். நான் கொடுத்த பக்கத்தில் அந்தச் செய்தி இல்லை. யாரோ விட்ட பிழையை என் கையெழுத்தோடு அடுத்தவருக்குக் கடத்தப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு திக்கென்றது.

ஆதாரங்களைக் காட்ட எங்களுக்குச் சொல்லப்பட்டது அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ (APA) முறை, 2019இல் வந்த 7ஆம் பதிப்பு. மூலம் கையில் கிடைக்காவிட்டால் அதற்கும் அதில் வழி இருக்கிறது. லூயிஸ் சொன்னதை இன்னாருடைய நூலில் எடுத்தாண்டபடி தருகிறேன் என்று கட்டுரையின் உடலுக்குள் எழுதலாம்; பட்டியலில் நான் படித்த நூல் மட்டும் வரும். சொற்களை மாற்றி எழுதினாலும் கருத்து பிறருடையது என்றால் ஆளைச் சொல்லத்தான் வேண்டும். பட்டியல் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. அதில் இருந்த ஒவ்வொன்றையும் நான் திறந்து பார்த்திருந்தேன்.

சொட்டேரோ என்ற இலவச மென்பொருள் பட்டியலை ஒழுங்காக்கித் தரும். ஆனால் எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பது அதற்குத் தெரியாது. தகப்பன் பெயரைப் பின்னால் எழுதுகிறவர் தகப்பன் பெயரிலேயே பட்டியலில் ஏறிவிடுவார். அதைக் கையால்தான் திருத்தினேன்.

இப்போது வேலையில் திட்ட அறிக்கைகள் எழுதுகிறேன். “ஆதாரம்: பிரதேச செயலகம்” என்று மட்டும் போட்டு வரும் அட்டவணைகளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இங்கே 2007இன் குடும்பத் தொகை ஒன்று, ஊரே இல்லாத 2009 ஒன்று, மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய 2012 வேறொன்று. ஆண்டு இல்லாத எண்ணை வைத்து எத்தனை வீட்டுக்கு வாய்க்கால் வெட்டுவது?

கஷ்டமானது, தாளே மிஞ்சாத விடயங்கள்தான். இடப்பெயர்வில் பலருடைய காணி உறுதிகளே தொலைந்தன; கமக்காரர் அமைப்பின் பழைய கொப்பிகள் எங்கே இருக்கப்போகின்றன? ஒரு குளத்தின் பழைய துருசு, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகு, எங்கே இருந்தது என்று எந்தக் கோப்பிலும் கிடைக்காமல், முன்பு வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாக இருந்த ஐயா ஒருவரிடம் போனேன். தடியை ஊன்றிக்கொண்டு அணைக்கட்டில் நடந்து வந்து இடத்தைக் காட்டினார். இத்தகைய உரையாடலை வாசகர் போய்ப் பார்க்க முடியாது என்பதால் ஏபிஏயில் அது பட்டியலில் சேராது. சொன்னவர் பெயரும் திகதியும் உடலுக்குள்ளேயே வரும். அதை விளக்கி, “ஐயா, உங்கட பேரைப் போடலாமோ?” என்று கேட்டேன்.

“போடு பிள்ளை. ஆனா இது நான் கண்டதில்லை, அப்பு சொன்னது. அவற்ற பேரையும் எழுது.”

இரண்டு பெயரையும் எழுதினேன். எழுத்துச் சரியா என்று அவரிடம் வாசித்தும் காட்டினேன்.