பட்டறை மண்ணில் கினிப்புல்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் அப்பா நடத்திவந்த லோரிப் பட்டறையை மூடியபோது, பின்புறத்தில் இரண்டு கார்கள் நிற்கும் அளவு நிலம் கழிவு எண்ணெயும் டீசலும் ஊறிக் கறுத்துக் கிடந்தது. அதை வெட்டியெடுத்து எங்காவது கொட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எண்ணெய் சிந்திய இடத்திலிருந்து அகற்றும் மண், 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 408 என்ற அபாயக் கழிவுக் குறியீட்டில் வருவதால், உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அதை ஏற்றிச் செல்லலாம். அவர்கள் கேட்ட தொகைக்கு வழியில்லாமல், மண்ணை அங்கேயே விட்டு, எண்ணெய் மெல்லக் குறையட்டும் என்று அதில் தீவனப்புல் வளர்க்கத் துணிந்தேன்.

முதலில் தூவிய கினிப்புல் விதைகளில் விரல்விட்டு எண்ணும் அளவே முளைத்தன. எண்ணெய்ப் படலம் மூடிய மண்ணில் ஊற்றிய நீர், சேம்பிலையில் விழுந்ததுபோல் உருண்டோடியது. அதன்பின் மண்ணைக் கொத்திவிட்டு, செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையிலிருந்து வந்த, பழம் நீக்கி மக்கிய வெற்றுக்குலைகளையும் கோழி எருவையும் கலந்து, விதைக்குப் பதிலாகத் தாய்மண்ணோடு பெயர்த்த புல் தூர்களை நட்டேன். அவை பிடித்தன, ஆனால் மாதம் திரும்புவதற்குள் மஞ்சளித்தன. எண்ணெய் பெரும்பாலும் கார்பன். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் புல்லுக்கு மிஞ்சுவதில்லை. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் இருந்தாலும் இங்குள்ள மழை அதை அடித்துச் சென்றுவிடும் என்பதால், கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்துத்தான் இட்டேன். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த மாமா, மூடுபயிராக அங்கே படரவிடும் பியூராரியாக் கொடியையும் இடையில் நடச் சொன்னார். அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருமல்லவா, அந்த யோசனை உரத்தைவிட நன்றாக வேலை செய்தது.

நான்காம் மாதம் ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரோடு ஒட்டியிருந்த மண் பொலபொலவென உதிர்ந்து மழைமண் வாசம் வீசியது. ஒரு சாண் தள்ளியிருந்த மண்ணிலோ அதே பட்டறை நாற்றம். புல் எண்ணெயைக் குடித்துவிடுவதில்லை. வேர் கசியவிடும் சர்க்கரையிலும், வேர் திறந்துவிடும் காற்றுவழியிலும் பெருகும் நுண்ணுயிர்களே அதைச் சிதைக்கின்றன.

"ஏம்பா, இவ்வளவு செழித்த புல்லை மாட்டுக்குப் போடாமல் வீணாக்குகிறாயே?" என்று மாமா குறைபட்டார். பழைய எஞ்சின் எண்ணெயில் துத்தநாகமும் ஈயமும் இருக்கக்கூடும், அவற்றை எந்த நுண்ணுயிரும் சிதைக்காது, புல்லில் ஏறினால் பாலுக்கும் போகும் என்று விளக்கிய பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. அறுத்த புல்லை அந்த நிலத்திலேயே பரப்பினேன்.

ஒன்றரை ஆண்டுக்குப்பின் ஆய்வுக்கூடம் தந்த முடிவில் டீசல் பகுதி வெகுவாகக் குறைந்திருந்தது. கனமான எஞ்சின் எண்ணெய் மெதுவாகத்தான் இறங்கியிருந்தது. வேர் எட்டாத இரண்டடி ஆழத்தில் மண்வெட்டி பட்டால் இன்னும் கறுப்புதான். நல்ல மண்ணில் மூன்று மீட்டர்வரை இறங்கும் வெட்டிவேர், இந்த மண்ணில் பாதி இறங்கினாலும் போதும் என்று இப்போது நாற்றுத் தேடிக்கொண்டிருக்கிறேன்.