கண்ணைத் திறக்கிறது ஒரு நரம்பு, மூடுறது வேற நரம்பாம்! எனக்கு முகவாதம் வந்த கதை

காலையில பல்லு தேய்ச்சுட்டு வாய் கொப்புளிச்சா தண்ணி இடது பக்கமா பீச்சிட்டு சட்டையெல்லாம் நனைஞ்சுது, தூக்கக் கலக்கம்னு நினைச்சு மறுபடி கொப்புளிச்சேன், மறுபடியும் அதே தான். கண்ணாடியில பாத்தா வாய் வலது பக்கமா கோணிக்கிட்டு இருக்கு, இடது கண்ணு சிமிட்டவே மாட்டேங்குது. முந்தின ரெண்டு நாளா இடது காதுக்குப் பின்னாடி ஒரு வலி இருந்துச்சு, தலகாணி சரியில்லன்னு கண்டுக்காம விட்டிருந்தேன். தங்கச்சியக் கூப்பிட்டு "மூஞ்சி எப்படி இருக்கு பாரு"ன்னேன், அவ முழிச்ச முழியிலயே எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. பக்கவாதம்னே ரெண்டு பேரும் முடிவு பண்ணி அப்படியே எமர்ஜென்சிக்கு ஓடினோம்.

டாக்டர் கைய நீட்டச் சொன்னார், காலத் தூக்கச் சொன்னார், பேச்சுக் குடுத்துப் பாத்தார், எல்லாம் சரியா இருந்துச்சு. அப்புறம் "புருவத்த மேல தூக்குங்க"ன்னார். வலது நெத்தியில கோடு கோடா விழுது, இடது நெத்தி இஸ்திரி போட்ட மாதிரி வழவழன்னு கிடக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவருக்கு என்னடான்னா முகத்துல ஒரு நிம்மதி! நெத்திக்கு மட்டும் மூளையோட ரெண்டு பக்கத்துல இருந்தும் லைன் வருதாம், அதனால பக்கவாதத்துல மூளையில ஒரு பக்கம் அடி வாங்கினாலும் பெரும்பாலும் நெத்தி சுருங்கும், வாய் மட்டும் கோணும். நெத்தியும் சேர்ந்து படுத்துடுச்சுன்னா பெரும்பாலும் மூளைய விட்டு வெளிய வந்த, முகத்த அசைக்கிற 7ஆம் நரம்புல தான் கோளாறு, அதாவது முகவாதம்னார். இத வச்சு வீட்டுலயே கண்ணாடி முன்னாடி நின்னு முடிவு பண்ணிடாதீங்க, வாய் கோணினா நேரா ஆஸ்பத்திரி தான்.

அப்புறம் தான் "மூளையில இருந்து நேரா வர்றது மொத்தம் 12 ஜோடி நரம்பு இருக்கு, எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துடுவோம்"னு ஆரம்பிச்சார். கண்ண மூடிட்டு காபித்தூள மோந்து பாக்குறது 1, போர்டுல எழுத்து படிக்கிறது 2, தலைய ஆட்டாம அவர் விரல் போற பக்கமெல்லாம் கண்ண ஓட்டுறது 3, 4, 6. முழிய உருட்ட மட்டும் மூணு நரம்பான்னு எனக்கு அந்த நேரத்துலயும் ஒரு ஆச்சரியம். காதுகிட்ட விரல உரசினது 8, ஆ காட்டினது 9, 10, தோளத் தூக்கினது 11, நாக்க நீட்டினது 12. இதுல 10 இருக்கே, அது தொண்டையோட நிக்காம இதயம், வயிறு, குடல் வரைக்கும் இறங்கிப் போகுது, ஊர் சுத்தி.

இந்த 5ஆம் நரம்பு தான் என்னைக் குழப்பிடுச்சு. மூஞ்சி மரத்துப் போச்சுன்னு தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன், ஆனா பஞ்ச வச்சு கன்னத்துல தடவினா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நல்லாத் தெரியுது. தொட்டா தெரியுறது 5ஓட வேலை, அசைக்கிறது 7ஓட வேலை. மெல்லுறதும் 5 தான், அதனால பல்லால நல்லா மெல்ல முடிஞ்சுது, ஆனா மென்னதெல்லாம் இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும், ஏன்னா கன்னத்த இறுக்கி உள்ள தள்ளுறது 7. ஒவ்வொரு தடவையும் விரல விட்டுத் தோண்டி எடுக்கணும், யாரும் பாக்காத நேரமாப் பாத்து சாப்பிட்டேன். சூயிங்கம் மெல்லு சரியாயிடும்னு எத்தனை பேரு சொன்னாங்க தெரியுமா, அது முக்கியமா 5க்குத் தான் வேலை, படுத்துக் கிடக்கிற 7க்கு அதுல என்ன பிரயோஜனம்.

மருந்துன்னு பாத்தா ஸ்டீராய்டு மாத்திரை, முதல் 3 நாளுக்குள்ள ஆரம்பிச்சா தான் நல்ல பலன்னு சொன்னாங்க. இந்த நரம்பு காதுக்குப் பக்கத்துல எலும்புக்குள்ள ஒரு குறுகலான குழாய் வழியா வருது, அதுக்குள்ள வீங்கினா விரிய இடமில்லாம நசுங்குது, வீக்கத்த இறக்கத் தான் அந்த மாத்திரை.

ஆனா உண்மையான தலைவலி கண்ணு தான். இமையத் திறக்கிறது 3, மூடுறது 7. திறக்கிற ஆளு ஜம்முனு இருக்கான், மூடுற ஆளு லீவு, அப்புறம் எப்படி மூடும்? மூட ட்ரை பண்ணும்போது தங்கச்சி போன்ல வீடியோ எடுத்துக் காட்டினா, முழி மேல போய் வெள்ளை மட்டும் தெரியுது, பயந்தே போயிட்டேன். அது பெரும்பாலானவங்களுக்கு நடக்கிறது தான், சாதாரணமா இமை மூடிடுறதால தெரியுறதில்லையாம். பகல்ல சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு இமைய இழுத்து டேப் ஒட்டிட்டுத் தான் படுக்கணும், கண்ணு காஞ்சா கருவிழியில புண்ணாயிடும்னு இத மட்டும் கண்டிப்பா சொல்லி அனுப்பினாங்க. ரெண்டாவது நாள் டேப் பிரிஞ்சு காலையில கண்ணுல மணல் கொட்டின மாதிரி எரிஞ்சுது, அப்புறம் ஒரு நாளும் அசால்ட்டா விடல.

இடது காதுல சத்தமெல்லாம் அதிகமாக் கேட்டுச்சு, ஸ்பூன் விழுந்தா கூட மண்டைக்குள்ள விழுற மாதிரி. காதுக்குள்ள சத்தத்த அடக்குற ஒரு குட்டித் தசைக்கும் இதே 7 தான் லைன் குடுக்குதாம். நாக்கோட முன்பக்கத்துல இடது பாதியில உப்ப வச்சாலும் ருசி தெரியல, அதுவும் இவன் கணக்கு தான்.

3 வாரம் வரைக்கும் ஒரு அசைவும் இல்ல. 4ஆவது வாரம் ஒரு நாள் வாய் ஓரம் லேசா துடிச்சுது, அன்னைக்கு முழுக்க கண்ணாடிய விட்டு நகரவே இல்ல. பிசியோல மெதுவா, கண்ணாடியப் பாத்து, ரெண்டு பக்கமும் ஒரே அளவா அசைக்கணும், அவசரப்பட்டு வலது பக்கத்த இழுக்காதீங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க. கடைசியா திரும்பினது நெத்திக் கோடு, 3 மாசம் ஆச்சு. நரம்பு திரும்ப வளரும்போது கொஞ்சம் வயர் மாறிடுச்சு போல, இப்பவும் நான் பெருசா சிரிச்சா இடது கண்ணு தானா சுருங்கும், போட்டோ பாக்குற பாதிப் பேரு யாரப் பாத்துக் கண்ணடிக்கிறன்னு தான் கேக்குறாங்க.