வெள்ளி உதிர்ந்த கெண்டி

வளைகுடா நகரம் ஒன்றில், ஓர் அருங்காட்சியகத்தின் உலோகப் பராமரிப்புக் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் மாதமே என் மேசைக்கு ஒரு பித்தளைக் கெண்டி வந்தது. 13ஆம் நூற்றாண்டு, வட ஈராக் அல்லது சிரியா என்று அட்டையில் எழுதியிருந்தது. உடம்பெல்லாம் கறுத்து, மூக்கு லேசாக வளைந்து, வருடக்கணக்காகப் பரணில் கிடந்த பாத்திரம் போல இருந்தது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கை தானாகவே பஞ்சைத் தேடியது.

எங்கள் பிரிவுத் தலைவி கெய்ரோக்காரர். நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பி வைத்து, "இன்றைக்கு முழுக்கப் பார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை" என்றார்.

பார்த்தேன். வெறும் கண்ணுக்குக் கீறலாகத் தெரிந்த இடம் ஒரு குதிரைவீரன். அவன் உருவம் எவ்வளவோ அவ்வளவுக்குப் பித்தளையை மெல்லிசாகச் செதுக்கி எடுத்திருந்தார்கள். பள்ளத்தின் ஓரத்தை உள்பக்கமாகக் குடைந்திருந்தார்கள். அந்த வடிவத்துக்கு வெட்டிய வெள்ளித் தகட்டை உள்ளே வைத்துத் தட்டினால், அதன் விளிம்பு விரிந்து குடைவுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பசையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. அப்புறம் வெள்ளியின் மேல் சிற்றுளியால் கண், தாடி, சட்டை மடிப்பு எல்லாம் வரும். சுற்றியுள்ள பள்ளங்களில் ஒரு கறுப்புக் கலவையை அடைப்பார்கள். மஞ்சள், வெள்ளை, கறுப்பு, சில கெண்டிகளில் இடையிடையே செம்பின் சிவப்பு. புதிதாக இருந்தபோது அது எப்படி மின்னியிருக்கும்!

என் குதிரைவீரன் மேல் வெள்ளி போய்விட்டது. தலைப்பாகை ஓரத்தில் மட்டும் கடுகளவு ஒரு துணுக்கு மிச்சம். தலைமுறை தலைமுறையாகத் துடைத்துத் துடைத்தே இப்படிப்பட்ட தகடுகள் தேய்ந்து கழன்றிருக்கின்றன. எனக்கு உடம்பு சில்லிட்டது வேறொன்றைப் பார்த்தபோது. அழுக்கு என்று நான் தேய்க்கப் போன கறுப்பில் பாதி, செய்தவரே அடைத்த கறுப்பு.

விருந்து முடிந்ததும் பணியாளர் இப்படியொரு கெண்டியிலிருந்து நீர் ஊற்ற, கீழே பிடித்த அகன்ற பாத்திரத்தில் விருந்தாளிகள் கை கழுவுவார்கள். இந்த வேலைக்குப் பேர்போன ஊர் வட ஈராக்கில் உள்ள மோசுல். அங்கே வெள்ளி பதித்த பித்தளைப் பாத்திரங்கள் அரசர்களுக்குப் பரிசாக வெளியூர் போவதை, அந்த நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த இப்னு சயீத் என்ற பயண எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். மங்கோலியர் 1262இல் நகரைப் பிடித்தார்கள். ஆனால் இந்த வேலை அந்த ஊரோடு நிற்கவில்லை; 'மோசுல்காரர்' என்று பெயரோடு சேர்த்துக் கையெழுத்திட்ட கைவினைஞர்களின் வேலை டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் செய்த பாத்திரங்களில் கிடைக்கிறது.

ஒரு விடுமுறையில் லண்டன் போய், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, இதே வகை வேலையான பிளாக்காஸ் கெண்டியைப் பார்த்தேன். முப்பது சென்டிமீட்டர் உயரம்தான். மூக்கு இல்லை. ஆனால் வெள்ளி நிறையவே பிழைத்திருக்கிறது. கண்ணாடி பார்க்கும் ஒரு பெண், பக்கத்தில் நகைப்பெட்டியோடு பணிப்பெண். ஒட்டகத்தின் மேல் வேட்டையாடும் பாரசீகக் கதைகளின் அரசன் பஹ்ராம் கூர், பின்னால் அவனுடைய யாழ் மீட்டும் பெண் ஆசாதா. ஒவ்வொன்றும் கட்டைவிரலால் மறைத்துவிடக்கூடிய அளவு. கண்ணாடிப் பேழையை விட்டு நகர மனம் வரவில்லை.

கழுத்தில் ஓடும் எழுத்தை, வேலைக்காகக் கற்ற அரபியை வைத்து மெல்ல எழுத்துக்கூட்டினேன். சுஜா இப்னு மனா, மோசுல்காரர், ஹிஜ்ரி 629, ரஜப் மாதம், மோசுலில். நம் கணக்கில் 1232. மோசுலில் செய்தது என்று தன் மேலேயே எழுதிக்கொண்ட பாத்திரம், அறிந்தவரை இது ஒன்றுதான். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல் 'நக்ஷ்'. அதாவது, இவர் செய்த அலங்காரம். நகைக்கடையில் நாம் சொல்லும் 'நகாசு வேலை' அந்தச் சொல்லின் வழி வந்ததுதான். எட்டு நூற்றாண்டு தள்ளி நிற்கும் ஒருவர் என் வீட்டுப் பேச்சில் ஒரு சொல்லைச் சொன்னது போல இருந்தது.

திரும்பி வந்து என் கெண்டியை முடித்தேன். அரித்துக்கொண்டிருந்த பச்சைக் களிம்பை மட்டும் நுண்ணோக்கியின் கீழ் கத்தி முனையால் எடுத்தேன். அதற்கே நான்கு மாதம் ஆனது. மினுக்கவில்லை. காட்சிக்கு வைத்த அன்று விளக்குப் போடுபவரிடம், "மேலிருந்து வேண்டாம், பக்கவாட்டில் வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். ஒளி சாய்ந்து விழுந்தது. வெள்ளி இல்லாத பள்ளங்களில் நிழல் நிரம்பி, குதிரைவீரன் தெரிந்தான்.