துடைப்பதா, சுடுவதா?

விமான நிலையத்தில் உங்கள் பையின் ஜிப், கைப்பிடி எல்லாவற்றிலும் ஒரு துண்டுத் துணியைத் தேய்த்துப் பக்கத்துப் பெட்டிக்குள் செருகுவார்களே, வெடிமருந்துத் தடயத்தைக் கண்டுபிடிக்கும் அந்த ஈ.டி.டி. மெஷினைச் சர்வீஸ் செய்வதுதான் என் பிழைப்பு. உள்ளே துணி 200 டிகிரி வாக்கில் சூடாகும். ஒட்டியிருக்கும் துகள் ஆவியாகும். அதற்கு மின்னேற்றம் கொடுத்து (அயனியாக்கி) ஒரு குழாய்க்குள் ஓடவிட்டு, எத்தனை மில்லி விநாடியில் மறுமுனைக்கு வருகிறது என்று பார்த்தால் அது என்ன பொருள் என்று தெரிந்துவிடும். ஆர்.டி.எக்ஸ். என்ற வெடிமருந்தை வெறும் காற்றில் மோப்பம் பிடிப்பது மெத்தக் கஷ்டம். சாதாரண வெப்பத்தில் அதன் ஆவி லட்சம் கோடியில் சில பங்குதான். அதனால்தான் இந்தத் தேய்ப்பு.

நானோகிராம் இருந்தாலே மெஷின் கத்தும். ஆனால் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் யார் அழுத்தித் தேய்க்கிறார்கள்? "நல்லாத்தான் சார் தேய்ச்சேன், உங்க மெஷின்தான் சரியில்ல" என்பார்கள். வெடிமருந்து தடவிய பரிசோதனைத் துணியை வைத்துக் காட்டினால் உடனே அலறும். (நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரைக்கும் அலறும், அதுவும் வெடிமருந்துதானே. பாவம் அந்தத் தாத்தாக்கள்.)

கை சம்பந்தப்படாமல் எடுக்க லேசர். ஒரு வழி, தூரத்திலிருந்து ஒளியை அடித்துச் சிதறலைப் படிப்பது. திருச்சியில் பிறந்த ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்டுபிடித்த அதே விளைவு. சிதறிய ஒளியின் வரைபடத்தில் ஆர்.டி.எக்ஸுக்கு 884 செ.மீ⁻¹ என்ற இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு நிற்கும். ஆனால் கோடி ஒளித்துகளில் ஏறக்குறைய ஒன்றுதான் நிறம் மாறித் திரும்பும். பையின் சாயமும் சேர்ந்து ஒளிர்ந்தால் அந்தக் கோடு மூழ்கிப் போகும்.

இன்னொன்று, லேசரால் பரப்பைச் சூடேற்றி, கிளம்பும் ஆவியை உறிஞ்சி நம் பழைய குழாய்க்கே அனுப்புவது. என் ஓட்டு இதற்குத்தான். சூட்டில்தான் சூட்சுமம்: ஆர்.டி.எக்ஸ். 204 டிகிரியில் உருகும், உருகின கையோடு சிதையவும் தொடங்கும். கறுப்பு ரெக்ஸின் சட்டென்று சூடாகும், வெள்ளைப் பருத்தி அப்படியில்லை. ஒரே பவரை எல்லாவற்றுக்கும் வைத்தால் தடயமே கருகிவிடும். கண்ணுக்கும் ஆபத்து என்பதால் ஆள்மேல் அடிக்கிற பேச்சுக்கே இடமில்லை. ட்ரேயில் போகிற பைக்கு, மூடிய பெட்டிக்குள் வேண்டுமானால் சரிப்படும்.

இதைச் சொன்னதும் கூட வேலை பார்க்கிற தம்பி கேட்டான்: "அப்போ ஜிப் மடிப்புக்குள்ள இருக்கிறத எப்படிண்ணே எடுக்கிறது?"

அதற்கு இப்போதைக்குத் துணிதான்.