ஒப்படைத்துவிட்டுப் போகும் நேரம்

பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த முதல் கோடையில், என்னிடம் நேரமே இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டூட்டி பட்டியலை விரித்து வைத்துக் கணக்குப் பார்த்தபோது, அது பாதி பொய் என்று தெரிந்தது. வாரத்துக்கு ஒரு முழு நாள் விடுப்பு இருந்தது. நைட் டூட்டிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் எந்த வேலையும் இல்லை. பகல் நீண்டிருக்கும் பருவம் என்பதால் மாலை ஆறு மணிக்கு வெளியே வந்தாலும் வெளிச்சம் மிச்சமிருந்தது. இருந்தும், அந்தக் கோடையில் நண்பர்களோடு கழித்த பொழுதுகளில் பெரும்பாலானவை எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கின்றன.

ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக் காலத்திலிருந்து உடனிருக்கும் நால்வர் ஏரிக்குப் போகத் திட்டமிட்டு, என்னுடைய விடுப்புக்காகவே அதை மூன்று வாரம் தள்ளிப்போட்டிருந்தார்கள். முந்தைய நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கிய டூட்டியை மறுநாள் ஒன்பதரைக்கு முடித்துக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அவர்களுடைய வண்டியில் ஏறினேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது, ஏழாம் படுக்கைப் பெரியவரின் பொட்டாசியம் திடீரென்று நினைவுக்கு வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து வந்த முடிவில் அது 6.3 என்றிருந்தது. இயல்பான அளவு ஏறக்குறைய 3.5 முதல் 5 வரைதான். ஆறைத் தாண்டினால் இதயத் துடிப்பின் ஒழுங்கே குலைந்துபோகலாம். இசிஜி எடுத்துப் பார்த்தேன், அதில் மாற்றம் எதுவும் இல்லை. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் சிதைந்துவிட்டால் அவற்றுக்குள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து, இல்லாத உயர்வைக் காட்டும் என்பதால், மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினேன். அதற்குள் மூச்சுத்திணறலோடு வேறொருவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டாவது முடிவைப் பார்த்தேனா, காலையில் பொறுப்பேற்றவரிடம் அதைச் சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

கரையேறி, ஈரக் கையோடு வார்டுக்கு அழைத்தேன். "அது காலையிலேயே வந்துடுச்சு டாக்டர், 4.4. அவர் நல்லாத்தான் தூங்கிட்டிருக்கார். நீங்களும் போய்த் தூங்குங்க" என்றார் சிஸ்டர். பெருமூச்சு விட்டேன், ஆனால் திரும்பத் தண்ணீரில் இறங்க மனம் வரவில்லை. கரையில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனேன். நிழல் விலகி, வெயில் என் கழுத்தையும் ஒரு பக்கக் காதையும் நன்றாகச் சுட்டிருந்தது. திரும்பும் வழியில் தோழி ஒருத்தி, "மூணு வாரமா உனக்காகத்தான் காத்திருந்தோம். ஆனா நீ வந்த மாதிரியே இல்லை" என்றாள். கோபமில்லாமல் சொன்னதால் அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

நோயாளியின் தூக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த படிப்பில், மருத்துவரின் தூக்கத்தைப் பற்றி ஒரு வகுப்பும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் நானாகவே தேடி வாசித்தேன். 1997-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வின்படி, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மதுவோடு இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரமானால் அது ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகிறது. ஏரியில் நின்றபோது நான் விழித்து முப்பது மணி நேரம் ஆகப்போயிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களைப் பற்றி 2004-இல் வந்த அமெரிக்க ஆய்வு, நீண்ட பணிமுறையை மாற்றி அமைத்த நாள்களோடு ஒப்பிடுகையில், வழக்கமான நெடும்பணி அட்டவணையின்போது அவர்கள் செய்த கடுமையான பிழைகள் 36 சதவீதம் அதிகம் என்று கண்டது. அடுத்த ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, நீண்ட டூட்டி முடித்து வண்டியோட்டிச் செல்பவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்றது. அன்று வண்டி ஓட்டியவன் நான் இல்லை என்பதை நினைத்து, வாசித்த இடத்திலேயே சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.

பணிநேர வரம்புகள் வந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1984-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி ஜையன் என்ற 18 வயதுப் பெண், சேர்க்கப்பட்ட சில மணி நேரத்தில் இறந்தார். அவரைக் கவனித்தவர்கள் ஓய்வற்ற பயிற்சி மருத்துவர்கள் என்பது பெரும் விவாதமாகி, 1989-இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பை விதித்தது. அமெரிக்கா முழுவதற்கும் அது 2003-இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பயிற்சி மருத்துவர்களுக்கான சராசரி வரம்பு 2009-இல் 48 மணி நேரமாகக் குறைந்தது. "நாங்களெல்லாம் முப்பத்தாறு மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றவர்கள்" என்று தொடங்கும் மூத்த மருத்துவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள் போலும். அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். மாலையில் சேர்ந்த ஒருவர் நள்ளிரவில் மோசமாகி, விடியலில் தேறி வருவதை ஒரே கண்களால் பார்த்தால்தான் நோய் நகரும் விதம் புரிகிறது. ஆனால் அந்த விடியலில் 6.3 என்ற எண்ணைத் தலையில் வைத்திருக்க என்னால் முடியவில்லை என்பதும் உண்மைதான்.

கோடை இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. உடன் பணிபுரிவோர் முறைவைத்து விடுப்பில் போவார்கள். எஞ்சியிருப்பவர் தலையில் கூடுதல் டூட்டி விழும். அதே வாரங்களில் நீரிழப்பு, சிறுநீரகக் கல், நீர்பெருக்கி (சிறுநீரை அதிகம் வெளியேற்றும்) மாத்திரை உண்ணும் முதியவர்களின் சிறுநீரகப் பாதிப்பு, உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தாக்கு என்று வார்டும் நிரம்பும். வீட்டுக்கு வந்தால் பகல் தூக்கமும் எளிதில் வாய்க்காது. தூங்குவதற்கு உடலின் உள்வெப்பம் சற்றே இறங்க வேண்டும், வெளிச்சம் குறைய வேண்டும். கோடைப் பகலில் இரண்டும் கிடைப்பது அரிது. ஜன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டும், டூட்டி முடிந்து வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டும் ஓரளவு சமாளித்தேன். காலை வெயில் கண்ணில் பட்டால் உடற்கடிகாரம் பொழுது விடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். கண்ணாடியோடு வரும் என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சிறுவன் சினிமாக்காரன் என்று கூப்பிடத் தொடங்கினான், அதையும் பொறுத்துக்கொண்டேன்.

உண்மையில் என் ஓய்வை மீட்டுக் கொடுத்தது போர்வையும் கண்ணாடியும் அல்ல, ஒரு தாள். ஏரிக்குப் போய்வந்த மறுவாரம் முதல், டூட்டி முடிவதற்கு முன் ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கைந்து வரி எழுதத் தொடங்கினேன்: எவ்வளவு மோசமான நிலையில் இருக்கிறார், இதுவரை என்ன நடந்தது, எந்த முடிவு இன்னும் வரவேண்டும், இரவில் இன்னது நேர்ந்தால் என்ன செய்வது. அதைப் படித்துக்காட்டி, கேட்பவரையும் ஒருமுறை திருப்பிச் சொல்ல வைப்பேன். முதலில் சிரித்தார்கள். ஒரு தோழர் ஒவ்வொரு படுக்கைக்கும் "ஆமாம் ஐயா" என்று கைகட்டிக் காட்டினார். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஒன்பது மருத்துவமனைகளில் இப்படி ஒழுங்குபடுத்திய ஒப்படைப்பு முறையைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-இல் ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. எனக்கு அதில் கிடைத்தது கூடுதலாக ஒன்று. தாளின் கடைசி வரியை எதிரிலிருப்பவர் திருப்பிச் சொல்லி முடித்ததும், அந்தப் பெயர்கள் என் தலையிலிருந்து இறங்கிப் போவதை ஏறக்குறைய உடலாலேயே உணர்ந்தேன். அதுவரை வார்டை விட்டு வெளியே வந்த ஒவ்வொரு நாளும் முப்பது படுக்கைகளையும் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறேன். வார்டு அழைப்போ என்று கைபேசியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் போக மட்டும் இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

நண்பர்களிடமும் சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன். மாதத் தொடக்கத்தில் டூட்டி பட்டியலைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்பிவிடுவேன். நைட் டூட்டிக்கு மறுநாள் எதற்கும் வருவதாக வாக்குக் கொடுக்க மாட்டேன். நாள் முழுக்கச் சேர்ந்திருக்கும் ஆசையைக் குறைத்து, இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புவதே போதும் என்று பழகினோம். டூட்டி மாற்றிக்கொள்வதில் மட்டும் நான் தாராளமாக இருந்து சூடுபட்டேன். ஒரு மாலைக்காக வாங்கிய கடனை இரண்டு ஞாயிறுகளாகத் திருப்பிக் கொடுத்தேன். அப்படியும் எல்லாரையும் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. நால்வரில் ஒருவன் வேலை கிடைத்து வெளிநாடு போன இரவில், நான் அவசரப் பிரிவில் ஒருவரின் கால் காயத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அவன் அனுப்பும் செய்திகள் சுருங்கிப்போயின. இதை நேர நிர்வாகத்தால் சரிசெய்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கோடை முடியும் தறுவாயில் மிச்சமிருந்த மூவரும் நானும் அதே ஏரிக்குப் போனோம். அன்றும் முந்தைய இரவு டூட்டிதான், வாக்குக் கொடுக்காமல்தான் வந்திருந்தேன். காலையில் தாளைப் படித்து ஒப்படைத்துவிட்டு, வீட்டில் மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, வண்டியின் பின் இருக்கையிலும் தூங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். சிறிது நேரம் நீந்தினோம். கரைக்கு வந்ததும் மறுபடி கண் சொக்கியது. "தூங்கு, அதுக்காக யாரும் கோவிச்சுக்க மாட்டோம்" என்றாள் முன்பு குறைபட்டுக்கொண்ட அதே தோழி. எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. என் முகத்தின் மேல் ஒரு துண்டு கிடந்தது. வெயில் நகர நகர அதை இரண்டுமுறை இழுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.